வடியும் நீரும் வாடும் வயிறும்

தோழா!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரம் செல்லும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால், கோவளத்தை எட்டுவதற்கு முன் முட்டுக்காட்டுப் பாலம் வரும். தை மாதத்துக் காலை என்று வைத்துக்கொள். உள்ளே இருப்போர் அத்தனை பேரும் சன்னல் பக்கம் சாய்வர். இடப்புறம் கடல். வலப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பங்கழி. அதன் நடுவே வெள்ளையும் இளஞ்சிவப்புமாய்ப் பூநாரைக் கூட்டம்! "ஆகா! அதோ பார்! எத்தனை அழகு!" என்பர், கைப்பேசியை எடுப்பர், படம் பிடிப்பர். அந்தப் படம் மறுநாள் ஏடுகளிலும் வரும்.

படத்தில் வராத ஒருவர் அதே நீரில் நிற்கிறார், தோழா! இடுப்பளவு நீர். வலை இல்லை, படகு இல்லை, தூண்டிலும் இல்லை. குனிந்து இரு கைகளாலும் சேற்றைத் தடவுகிறார். பற்களுக்கிடையே கடித்தபடி ஒரு பனையோலைப் பை. பறி என்பர் அதனை. விரலுக்குத் தட்டுப்படும் இறாலைப் பிடித்து அதிலே போட்டுக்கொண்டு, மீண்டும் குனிகிறார். இருளர் குடியைச் சேர்ந்தவர். பல தலைமுறைகளாக அந்தக் கைகளே அவர்களுக்கு வலை. அந்த விரல்களே அவர்களுக்குக் கண்.

வாயில் பறி இருக்கும்வரை அவரால் பேச முடியாது. அதனாலேதானோ என்னவோ, அவருடைய வழக்கை எந்த மன்றமும் கேட்டதில்லை!

அந்த வழக்கு என்ன? நீரின் மட்டம்! வேறொன்றுமில்லை. நீர் ஓர் அடி ஏறினால், ஓர் அடி இறங்கினால் நமக்கென்ன என்று பாலத்தின் மேல் போகிறவர் கேட்கலாம். பாலத்தின் கீழே நிற்பவருக்கோ அந்த ஓர் அடிதான் உலை கொதிப்பதும் கொதிக்காததும். ஆளை மூழ்கடிக்கும் நீரிலே தடவிப் பிடிக்க இயலாது. நீர் அறவே வற்றிவிட்டாலோ தடவுவதற்கு இறால் இராது. இரண்டுக்கும் நடுவிலே, ஆண்டில் சில மாதங்கள், ஒரு நாளில் சில மணி நேரம் — அதுதான் அவருடைய தொழிற்சாலை திறந்திருக்கும் நேரம்! ஆலைக்குச் சங்கு உண்டு. ஊதினால் உள்ளே போகலாம். இங்கே சங்கு ஊதுவது கடலும் மழையும். அண்மைக் காலமாக, நாமும்!

நீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழிகின்றன. வழிந்த நீர் பள்ளிக்கரணைச் சதுப்பிலே சேருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு வந்து, தெற்கே ஓடி, முட்டுக்காட்டில் விரிந்து, கோவளத்து முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது. பக்கிங்காம் என்ற பெயரைக் கேட்டாயா? 1877-78 பஞ்சத்திலே, பட்டினியால் எலும்பும் தோலுமாய் நின்ற மக்களைக் கூலிக்கு வெட்டவைத்துத் துண்டுகளை இணைத்த கால்வாய் அது. வெட்டியவன் பெயர் அதற்கு வைக்கப்படவில்லை. அப்போது கவர்னராக இருந்த பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது. அது நிற்க.

மழை வெள்ளம் முட்டி மோதி வரும்போது முகத்துவாரம் திறக்கிறது. நீர் வடிகிறது. வடிந்தபின் கடல் தன் பங்கிற்கு உள்ளே வருகிறது. நாள்தோறும் ஏற்றம், நாள்தோறும் வற்றம். நம் கரையில் கடல் ஏறி இறங்கும் அளவு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆனால் கழியின் ஆழமே பல இடங்களில் ஓரிரு மீட்டர் என்னும்போது, அந்த ஒரு மீட்டர் சின்ன அளவா?

அந்த ஏற்றத்தோடு யார் வருகிறார்கள் தெரியுமா? இறால் குஞ்சுகள்! கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பருவத்திலே, ஆழ்கடலில் பிறந்து, கரையோரம் மிதந்து வந்து, திறந்த வாயைக் கண்டதும் கழிக்குள் நுழைகின்றன. மடவைக் குஞ்சும் அப்படியே. கொடுவாக் குஞ்சும் அப்படியே. கடல் அவற்றுக்குப் பிறந்த வீடு. கழி வளர்ப்பு வீடு. உள்ளே சேறு உண்டு, பாசி உண்டு, பெரிய மீன்களிடமிருந்து ஒளிந்துகொள்ள இடம் உண்டு. சில மாதங்கள் தின்று வளர்ந்து, பருவம் வந்ததும் மறுபடி அதே வாயின் வழியாகக் கடலுக்குத் திரும்பி, அங்கே முட்டையிடும். ஆகவே கோவளம் குப்பத்துக் கடல்மீனவன் வலையிலே விழும் இறாலும் ஒருகாலத்தில் இந்தக் கழியிலே பிள்ளைப்பருவம் கழித்ததுதான். கழிக்காரன் பிழைப்பு வேறு, கடற்காரன் பிழைப்பு வேறு என்று பிரித்துப் பேசுவோர் இதை மறந்துவிடுகிறார்கள். வேண்டுமென்றே மறக்கிறார்கள் என்றும் சொல்லலாம். இரு மீனவரும் ஒன்று சேர்ந்தால் சிலருக்கு அது வசதியாக இராது!

மழை நின்றது. மாசி, பங்குனி வந்தது. உள்ளிருந்து தள்ளும் வெள்ளத்தின் வேகம் குறைகிறது. கடலோ சும்மா இருப்பதில்லை. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்பார்கள் குப்பத்தார். வடக்கிலிருந்து தெற்கே வருவது வண்ணி. ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கு நோக்கியே நகருகிறது. நகரும் மணல் வாயை அடைக்கிறது. முதலில் ஒரு திட்டு, பிறகு ஒரு மேடு, கடைசியில் ஒரு சுவர்! உள்ளே அகப்பட்ட நீர் சித்திரை வெயிலில் வற்றுகிறது. நீர் ஆவியாகலாம், உப்பு ஆவியாகுமா? கழி கடலைவிடக் கரிக்கத் தொடங்குகிறது. மீன் மேல்மூச்சு வாங்குகிறது. பறிக்காரர் வீட்டில் அடுப்பும் அப்படியே.

இது இயற்கையின் கணக்கு. இதிலே யாரையும் குற்றக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆண்டாண்டு காலமாக மூடுவதும் திறப்பதும் நடந்ததுதான். மக்களும் அதற்கேற்பத் தொழிலை அமைத்துக்கொண்டார்கள். கழியில் பாடு இல்லாத மாதம் காட்டுக்குப் போவார்கள், வயலில் எலி பிடிப்பார்கள், உப்பளத்துக்குக் கூலிக்குப் போவார்கள். இன்று காடு எங்கே? வயல் எங்கே? வயலுக்கு மேலே அடுக்குமாடி நிற்கிறது. வாசலிலே காவற்காரர் நிற்கிறார்! மூன்று வாசலிலே இரண்டு அடைபட்டபின் மூன்றாவது வாசல்தான் கழி. அதிலே ஓர் அடி நீர் கூடினாலும் குறைந்தாலும் இப்போது முன்னைப்போலத் தாங்க முடியவில்லை.

இனி, மனிதன் போடும் கணக்கைப் பார்.

முகத்துவாரத்தை எப்போது வெட்டுகிறார்கள்? மழைக்காலம் நெருங்கும்போது! சென்னையின் தெற்குப் பகுதி மூழ்கிவிடக் கூடாது என்று இயந்திரத்தைக் கொண்டுவந்து மணலை வாருகிறார்கள். தவறா? தவறே அல்ல. 2015 டிசம்பரை மறந்துவிட்டோமா? அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீரைத் திறந்துவிட்டு, அடையாற்றின் கரையிலே குடியிருந்தவர் கதறியதை மறக்கத்தான் முடியுமா? அந்த ஏரி வேறு, அந்த ஆறு வேறு. ஆனால் பாடம் ஒன்றே. ஏரியை எப்போது இறக்குவது, எவ்வளவு இறக்குவது, யாருக்குச் சொல்லிவிட்டு இறக்குவது என்பது பொறியாளர் மட்டுமே பூட்டிய அறையில் உட்கார்ந்து தீர்மானிக்கும் காரியமல்ல என்பதை ஒரே இரவிலே நாடு கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டதா? கற்றுக்கொண்டிருக்க வேண்டும்!

வெள்ளத்துக்காக வாயைத் திறக்கத் தெரிந்த நமக்கு, மீனுக்காகத் திறக்கத் தெரியவில்லை என்பதே என் குறை. ஊர் மூழ்கும் என்றால் இயந்திரம் இரவோடிரவாக வருகிறது. குஞ்சு நுழைய வேண்டிய பருவம், வாய் அடைந்து கிடக்கிறது என்று குப்பத்தார் சொன்னால், "மனு கொடுங்கள், பார்க்கலாம்" என்று பதில் வருகிறது. மனு போய்ச் சேருவதற்குள் குஞ்சு வேறு கழியைத் தேடிப் போய்விடுகிறது. இறால் குஞ்சுக்கு மனுப்போடத் தெரியாதே, தோழா!

பறவையின் கதைக்கு வருவோம். பறவையைப் பற்றிப் பேசினால் பட்டினத்துப் பெருமக்களும் காது கொடுப்பர். பறிக்காரரைப் பற்றிப் பேசினால் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவர். ஆகவே பறவையின் வாயாலேயே அவர் வழக்கைச் சொல்லிப் பார்க்கலாம்.

முட்டுக்காட்டிலும் கேளம்பாக்கத்து உப்பளங்களிலும் கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை கூடும் பறவைகளைப் போய்ப் பார். ஒவ்வோர் அலகும் ஓர் அளவுகோல்! கொசு உள்ளான் என்று ஒன்று. முப்பது கிராம் எடைகூட இராது. வடதுருவத்தை ஒட்டிய பனிவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, மலையும் பாலையும் தாண்டி இங்கே வருகிறது. அதன் அலகு விரற்கடை நீளம். ஈரச் சேறு வேண்டும் அதற்கு. கணுக்கால் அளவு நீர் வந்தாலே அதற்கு அது சமுத்திரம். நெடுங்கால் உள்ளானுக்கு இன்னும் கொஞ்சம் ஆழம் ஆகும். பூநாரைக்கு முழங்கால் அளவு. தலையைக் கவிழ்த்து நீரை அலகால் சலித்து உண்ணும். மஞ்சள்மூக்கு நாரை, வாயைத் திறந்து நீரில் வைத்துக்கொண்டே நடக்கும். மீன் வந்து மோதினால் கவ்வும். ஊசிவால் வாத்து தலைகீழாய்க் கவிழ்ந்து மேயும். கூழைக்கடாவுக்கு நீந்த நீர் வேண்டும்.

நீர் மெல்ல மெல்ல, நாளுக்கு ஒரு விரற்கடையாய் வடியும்போது என்ன ஆகிறது? இன்று நாரைக்குப் பந்தி. இரண்டு வாரம் கழித்துப் பூநாரைக்குப் பந்தி. அடுத்த வாரம் நெடுங்காலிக்கு. கடைசிப் பந்தி கொசு உள்ளானுக்கு. அவரவர் அளவுக்கு அவரவர் இலை! சாதி பார்த்து முன்பந்தி பின்பந்தி போட்ட நம்மூர்ச் சாப்பாட்டுக் கூடம்போல் அல்ல. பின்னால் வந்தவருக்கும் வயிறு நிறையும் பந்தி இது.

நீர் சடாரென்று ஒரே இரவில் வடிந்தால்? மீனெல்லாம் வேகத்தோடு கடலுக்குப் போகும். சேறு ஒரே நாளில் வெளிப்பட்டு, மூன்று நாள் வெயிலில் வெடிக்கும். நீர் வடியவே இல்லை என்றால்? உள்ளானுக்குக் கால் வைக்க இடம் இல்லை. பறிக்காரருக்கும் இல்லை! பார்த்தாயா, பறவையும் பறிக்காரரும் ஒரே கட்சி!

இந்த உண்மை நமக்குப் புதியதா? செங்கற்பட்டு என்றாலே ஏரி மாவட்டம். ஏரியைக் கட்டினோம், கரையைக் காத்தோம், மதகை வைத்தோம், கலங்கலை வைத்தோம். வேடந்தாங்கலுக்குப் போ. நீரிலே நிற்கும் கடம்ப மரங்களின் மேல் நாரையும் நீர்க்காகமும் அரிவாள்மூக்கனும் கூடு கட்டுகின்றன. அடியில் நீர் நிற்கும்வரை குஞ்சுக்குப் பாதுகாப்பு. நீர் முன்னதாக வற்றினால் நரியும் நாயும் வேரடிக்கு வந்துவிடும். பறவையின் எச்சம் ஏரிநீரில் கலக்கிறது. அந்த நீர் வயலுக்கு உரமாகிறது. உழவன் இதைக் கண்ணால் கண்டான், கண்டதனால் காத்தான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே வெள்ளைச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கொதித்தெழுந்து கலெக்டரிடம் போய் நின்று, பறவைகளைக் காக்கும் உரிமை எங்களுக்கே என்று எழுத்து வாங்கினார்கள். 1798-இல் அந்தக் கவுலைக் கொடுத்தவர் லயனல் பிளேஸ் என்ற துரை. பறவைச் சரணாலயம் என்ற சொல்லே நம் நாட்டில் பிறக்காத காலத்தில், பள்ளிக்கூடம் காணாத உழவர்கள் செய்த காரியம் இது! 2022-இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பள்ளிக்கரணையும் உலகச் சிறப்புச் சதுப்பு நிலங்கள் என்று ராம்சர் பட்டியலில் ஏறின. பட்டியல் போடுகிறவர்களுக்கு வேடந்தாங்கல் உழவர் இருநூறு ஆண்டு முந்திக்கொண்டார்.

அதே பிளேஸ் துரையின் பெயரிலேதான் மதுராந்தகத்து 'ஏரி காத்த ராமர்' கதையும் உலவுகிறது. உடைய இருந்த கரையிலே வில்லேந்திய இருவர் காவல் நின்றதைத் துரை கண்டாராம்! நம்புகிறவர் நம்பட்டும், நான் வழக்குக்குப் போகப் போவதில்லை. அன்றிரவு கொட்டும் மழையில் கூடை கூடையாய் மண் சுமந்து கரையில் கொட்டிய கூலியாள் ஒருவனையாவது அந்தத் துரை கண்டாரா என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

'ஏரி வாரியம்' என்று கேள்விப்பட்டிருப்பாய். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரியைப் பேண ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், குடவோலை முறையிலே தேர்வு! குடியாட்சிக்குத் தொட்டில் கட்டியது தமிழ் மண் என்று மேடையிலே முழங்குகிறோம். நானும் முழங்கியிருக்கிறேன். ஆனால் முழுக் கல்வெட்டையும் படித்துப் பார்க்க வேண்டும், தோழா! குடத்திலே பெயர் போட வேண்டுமானால் சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையிலே வீடு வேண்டும். மறை ஓதத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஏரியிலே மீன் பிடித்தவன், மடை திறந்தவன், சேறு அள்ளியவன் — இவர்கள் ஓலை குடத்துக்குள் போகவில்லை! ஆயிரத்து நூறு ஆண்டு ஆயிற்று. இன்று நீர்மட்டத்தை முடிவு செய்யும் மேசையைச் சுற்றி நாற்காலிகள் கிடக்கின்றன. இருளருக்கு அதிலே எத்தனை நாற்காலி?

உள்நாட்டு ஏரிகளிலும் இதே இழுபறிதான். மீன்பாசிக் குத்தகை எடுத்தவருக்கு ஏரி சீக்கிரம் வற்ற வேண்டும். வற்றினால்தான் வலையைச் சுருட்டிப் போட்ட பணத்தை எடுக்கலாம். உழவருக்குக் கடைசிப் போகம் வரை நீர் நிற்க வேண்டும். மதகு யார் கையில் இருக்கிறதோ அவர் வைத்ததே சட்டம். இதற்குப் பழைய ஊர்கள் ஒரு வழி கண்டிருந்தன. மதுரை, சிவகங்கைப் பக்கம் கோடையிலே கண்மாய் வற்றியதும் நாள் குறிப்பார்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தாவும் கச்சாவும் கையுமாகச் சுற்றுப்பட்டு ஊர்க்காரர் அத்தனை பேரும் இறங்குவர். அழிகண்மாய் என்பார்கள். பிடித்தவன் மீன் அவனுக்கு! குத்தகை இல்லை, ஏலம் இல்லை. அன்றைக்கு ஊரெல்லாம் மீன்குழம்பு மணக்கும். நாள் குறிப்பதும் அறிவிப்பதும்தான் அதிலே நமக்குப் பாடம்: நீர் வற்றும் நாள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வெளியே கொஞ்சம் பார்ப்போமா? அமெரிக்காவில் டென்னசி ஆற்றுப் பள்ளத்தாக்கு ஆணையம் 1933-இல் பிறந்தது. நம் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்துக்கு அதுவே முன்மாதிரி. அங்கே கோடையில் நீர்த்தேக்கங்களை உயர்த்தி வைப்பார்கள். குளிர்காலம் வருமுன் வெள்ளத்துக்கு இடம் வைக்க இறக்குவார்கள். தூண்டிற்காரரும் படகுக்காரரும் கரையோரக் கடைக்காரரும் "ஏன் இத்தனை சீக்கிரம் இறக்குகிறீர்கள்?" என்று கேட்டனர். கேட்டவரை விரட்டவில்லை! ஆய்வு நடத்தினர், கருத்துக் கேட்டனர், 2004-இல் முறையையே மாற்றி, பல நீர்த்தேக்கங்களில் கோடை மட்டத்தைச் செப்டம்பர் தொடக்கம் வரை நீட்டித்தனர். பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவனுக்கே அங்கே அத்தனை மரியாதை. இங்கே பொழுது விடிந்தால் பிழைப்புக்காகத் தண்ணீரில் இறங்குகிறவனுக்கு?

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? அண்டை வீடாகிய கேரளத்தைப் பார். வேம்பநாட்டுக் காயலிலே, குட்டநாட்டு நெல்லுக்கு உப்புநீர் ஏறக் கூடாதென்று தண்ணீர்முக்கம் தடுப்பணையைக் கட்டி 1970-களில் முடித்தார்கள். நெல் வேண்டும்; யார் மறுத்தார்கள்? கதவை மூடினார்கள். உப்பு நின்றது, உப்போடு வரும் இறாலும் நின்றது. கழிமுகத்து உப்பிலே போய்க் குஞ்சு பொரிக்க வேண்டிய ஆற்று இறாலுக்கும் வழி அடைபட்டது. உள்ளே தேங்கிய நீரில் ஆகாயத்தாமரை மண்டியது. மார்கழியில் மூடிப் பங்குனியில் திறப்பதாகச் சொன்ன கதவு, பல ஆண்டுகளில் பங்குனி கடந்தும் மூடியே கிடந்தது. "திற!" என்றான் மீனவன். "திறக்காதே!" என்றான் உழவன். இரண்டு ஏழைகளை எதிரெதிரே நிறுத்தி வைத்துவிட்டது ஒரு கதவு!

ஒடிசாவிலோ வேறு கதை. சிலிகா ஏரியின் வாய் மணலால் தூர்ந்து, உப்பு குறைந்து, களை பெருகி, மீன்பாடு விழுந்தது. அழிந்துவரும் சதுப்பு நிலம் என்று உலகப் பட்டியலிலும் ஏறியது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் வெட்டினார்கள். மீன் திரும்பியது, நண்டு திரும்பியது. பாடு பலமடங்கு பெருகியது. 2002-இல் அந்தக் கறுப்புப் பட்டியலிலிருந்து சிலிகாவின் பெயரை எடுத்தார்கள், பரிசும் கொடுத்தார்கள். மீனுக்காகவும் வாய் வெட்டலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இத்தனையும் இப்போது ஏன் சொல்லுகிறேன்? காரணம் இருக்கிறது.

2025 மார்ச்சுத் திங்களில் தமிழக வரவு செலவுத் திட்டத்திலே ஓர் அறிவிப்பு வந்தது. கோவளத்தை அடுத்து, திருப்போரூர் வட்டத்திலே, சென்னைக் குடிநீருக்காகப் புதிய நீர்த்தேக்கம், 4,375 ஏக்கர் பரப்பு, 1.6 டி.எம்.சி. கொள்ளளவு, 350 கோடி ரூபாய் மதிப்பீடு. மழைக்காலத்தில் வீணே கடலுக்குப் போகும் நன்னீரைப் பிடித்து வைப்பது நோக்கம்.

சென்னையின் தாகத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 2019 கோடையிலே ஏரிகள் வறண்டு, சோலார்ப்பேட்டையிலிருந்து இரயிலேற்றித் தண்ணீர் கொண்டுவந்த நகரம் அது. குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரியின் பின்னால் ஓடியவர்கள் மாளிகைவாசிகள் அல்ல. நம் வீட்டுப் பெண்கள். கடல்நீரைக் குடிநீராக்க நெம்மேலியில் இரண்டு ஆலைகள் ஓடுகின்றன; செலவு கொஞ்சமல்ல. ஆகவே மழைநீரைத் தேக்குவோம் என்ற எண்ணத்தை எதிர்ப்பது எளிது. எதிர்த்துவிட்டு மாற்று வழி சொல்லுவது எளிதல்ல. நம்மவர் அறிவித்தால் வாழ்த்து, மாற்றார் அறிவித்தால் வசை என்று இருப்பவனுக்குப் பகுத்தறிவு எதற்கு? திட்டத்தைத் திட்டமாகவே பார்ப்போம்.

ஒரு சின்னக் கணக்குப் போடு. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. 4,375 ஏக்கர் என்றால் ஏறத்தாழ 19 கோடி சதுர அடி. 1.6 டி.எம்.சி. என்பது 160 கோடி கன அடி. வகுத்துப் பார்த்தால் சராசரி ஆழம் எட்டடிக்கு மேல்!

எட்டடி! இடுப்பளவு நீரில் நிற்பவர் எங்கே நிற்பார்? விரற்கடை அலகுள்ள உள்ளான் எங்கே நிற்கும்? கோடை முழுதும் எட்டடி நிற்காது, இறைக்க இறைக்க இறங்கும் என்று பொறியாளர் சொல்லலாம். சரி, இறங்கட்டும். ஆனால் அந்த நீர் நன்னீர். அதைச் சுற்றிக் கரை. கரைக்கு அப்பால் கடல். உப்பிலே பிறந்து உப்பிலே வளரும் இறால் அந்தக் கரையை ஏறிக் குதிக்குமா? நீர் வடிந்தாலும் வராத மீனை எந்தக் கையால் தடவுவது?

'வீணே கடலுக்குப் போகும் நீர்' என்ற சொற்றொடரையும் கொஞ்சம் உரைத்துப் பார்க்க வேண்டும். மணல் சுவரை உடைத்து வாயைத் திறப்பது எது? அந்த 'வீண்' நீர்தான்! உள்ளே தேங்கிய கசடைக் கழுவிக்கொண்டு போவது எது? கடலிலே இருக்கும் குஞ்சுக்கு "இங்கே வாசல் இருக்கிறது, வா" என்று மணத்தால் அழைப்பு அனுப்புவது எது? அதே நீர்! அதிலே எவ்வளவை எடுத்தால் வாய் அடைபடாது, எவ்வளவுக்கு மேல் எடுத்தால் அடைபடும் என்ற கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை எண்ணூறு பக்க ஆங்கில அறிக்கையில் புதைக்கக் கூடாது. தமிழில், கோவளம் குப்பத்துப் பஞ்சாயத்தார் முன்னால் படித்துக் காட்ட வேண்டும். "நாங்கள் கேட்டோம், அவர்கள் எதுவும் சொல்லவில்லை" என்று எழுதிக்கொண்டு போகவும் கூடாது. பறி வாயில் இருக்கும் நேரத்தில் கேட்டால் எப்படிச் சொல்லுவார்?

தேக்கம் கட்டியே தீர வேண்டுமென்றால், தொழில் போகிறவருக்கு அதற்கு முன்பே மாற்றுத் தொழில் கையில் வர வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்ற பட்டாவை நம்பி எத்தனை குடிகள் தெருவில் நின்றன என்பது உனக்கும் தெரியும். தேக்கத்துக்கு அப்பால் மிஞ்சும் கழியிலாவது, தையும் மாசியும் நீர் மெல்ல வடியும்படி விட வேண்டும். முகத்துவாரம் வெட்டும் நாளைக் குப்பத்தாரோடு உட்கார்ந்து குறிக்க வேண்டும். குஞ்சு நுழையும் மாதம் எதுவென்று அவர்கள் சொல்லட்டும், முட்டுக்காட்டிலேயே இருக்கும் உவர்நீர் மீன்வள ஆய்வு நிலையத்தார் சரிபார்க்கட்டும். நீர்மட்டம் ஏறும் நாளும் இறங்கும் நாளும் ஒரு பலகையில் எழுதிப் பாலத்தடியில் வைக்கட்டும். இதற்கெல்லாம் 350 கோடியா செலவாகும்?

சென்ற தை மாதம் நானே அந்தப் பாலத்தடிக்குப் போயிருந்தேன். கரையில் உட்கார்ந்து காத்திருந்தேன். வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்கியதும் ஒரு பெரியவர் நீரிலிருந்து மேலேறி வந்தார். பறியை வாயிலிருந்து எடுத்தார். பற்கள் இரண்டு இல்லை. ஓலையைக் கடித்துக் கடித்தே போனதாம். பறிக்குள்ளே எட்டிப் பார்த்தேன். கால் கிலோ இருக்கலாம். "ஐயா, இங்கே ஏரி கட்டப் போகிறார்களாமே, உங்களிடம் யாராவது வந்து கேட்டார்களா?" என்றேன்.

சிரித்தார். "வந்தாங்க தம்பி. நாலஞ்சு பேரு, ஜீப்புல. பூநாரை எங்க நிக்கும்னு கேட்டாங்க. காமிச்சேன்."